யாரும் அமுக்காத பொத்தான்

மினேகாவா ஊர்க்காரர்களிடம் ரயில்வே கேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வசவு மழையாகக் கொட்டும். கொட்டாதா பின்னே! ஊருக்கு நட்டநடுவில், கடைத்தெருவும் ஆஸ்பத்திரி ரோடும் சந்திக்கிற இடத்தில், தண்டவாளம் குறுக்கே ஓடுகிறது. காலை நேரத்தில் டோக்கியோ போகிற வண்டி, டோக்கியோவிலிருந்து வருகிற வண்டி, நம்ம ஸ்டேஷனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பறக்கிற விரைவு வண்டி என்று ஒன்று போனால் இன்னொன்று. கேட் தூக்கினால் நாலு சைக்கிளும் ரெண்டு காரும் தாண்டும். அதற்குள் டிங் டிங் என்று மணியடித்து மறுபடி கம்பி இறங்கிவிடும். தண்டவாளத்தையே மேலே தூக்கிவிடுகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து, இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார். தண்டவாளம் இருந்த இடத்திலேயேதான் கிடக்கிறது.

இப்படிப்பட்ட கேட்டுக்கு நன்றி சொல்கிற ஆள் இந்த ஊரில் ஒரே ஒருத்தி உண்டு. குடியிருப்பிலிருந்து ஸ்டேஷன் தெற்கு வாசல் வரை போகிற பஸ்ஸை ஓட்டுகிற நெசு சுமியே. தினமும் அந்தக் கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்பவளும் அவள்தான். கேட்டால் சிரிப்பாள். "அந்தக் கேட் மட்டும் சீக்கிரம் சீக்கிரம் திறந்திருந்தா, நா… நான் இன்னிக்கு இந்த சீட்டுல இருந்திருக்க மாட்டேன்" என்பாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சுமியேவுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அப்பா கடைத்தெருவில் மீனை அரைத்து அவித்துக் கட்டிகட்டியாக விற்கிற கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் "என்ன பாப்பா, அப்பா இல்லையா?" என்று கேட்டால், "இல்லை" என்று சொல்ல வாய் வராமல், ஓடிப்போய் அப்பாவின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'இருக்கிறேன்' என்பதற்குள் அடுத்த மூன்று பேர் குரல் கொடுத்து முடித்துவிடுவார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பையன்கள் கேட்பார்கள். அவள் பதில் சொல்லத் தொடங்கினால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். போதுமடா சாமி என்று அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாருமே பேசமாட்டார்கள், கையைத்தான் காட்டுவார்கள். சுமியேவுக்கு அது சொர்க்கம். கொஞ்ச வருஷத்தில் விரிப்பு ஏற்றுகிற லாரியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாளோ இல்லையோ, ஆளே மாறிவிட்டாள். எந்தச் சந்துக்குள்ளும் நுழைத்து எடுப்பாள். ஓட்டல் பின்கட்டில் மற்றவர்கள் நாலு தடவை முன்னே பின்னே போகிற இடத்தில் ஒரே திருப்பில் நிறுத்துவாள். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் சக்கரத்தால் சொல்லிவிடுகிறாள் என்று அவள் புருஷன் கியோதகா பெருமையடிப்பான்.

கியோதகாவுக்கு வேலை சோயாக்கட்டி செய்கிற கடையில். விடியுமுன்னே எழுந்து சோயாப் பாலைக் காய்ச்சி உறைய வைக்கிற வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் ஒருவனே பேசிவிடுவான். சலவைத் தொழிற்சாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் செய்தித்தாளுக்குள் வைத்திருந்த விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கத்தினான்.

"ஏய் சுமி, இங்க பாரு! பஸ் கம்பெனிக்கு டிரைவர் வேணுமாம். பொம்பளைங்களும் வரலாமாம். வயசு ஒரு பொருட்டில்லையாம்."

"ப… பஸ்ஸா? அதுல மைக்ல பே… பேசணுமேங்க."

"பேசேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைத் திட்டுறியே, அதுல ஒரு வார்த்தையாவது தடுக்கியிருக்கா?"

"உங்களைத் திட்டறது வேற. அது தானா வருது."

"அப்ப பஸ்ல ஏறுறவங்களையும் திட்டு. டிக்கெட் இன்னும் அதிகமா விக்கும்."

அவள் கையிலிருந்த துவைத்த காலுறையை அவன்மேல் வீசினாள். ஆனால் மறுநாள் போய்விட்டாள்.

பஸ் டிப்போவின் பொறுப்பாளர் தொபாஷி நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். அவள் ஓட்டிக் காட்டியதைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவள் பேசியதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். "உள்ளதைச் சொல்றேம்மா. பஸ்ஸைக் கையால ஓட்டறது பாதிதான். மீதியை வாயால ஓட்டணும். ஆனா ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு நாங்க நாயா அலையறோம். ஆறு மாசம் பாப்போம். சரியா வந்தா நிரந்தரம்" என்றார்.

நம்ம ஊர் பஸ்ஸில் ஸ்டாப்பின் பேரைப் பதிவுக் குரல் சொல்லிவிடும். மற்றதெல்லாம் டிரைவர் சொல்லவேண்டும். கிளம்புகிறோம், பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திரும்புகிறோம், கவனம். முன்னால் சைக்கிள், பிரேக் போடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, பஸ் எதற்காவது நின்றுவிட்டால் அந்த வாக்கியம்: 'உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டுகிறோம்.' கேட் போட்டது ரயில்காரன், பச்சை விளக்கைக் கொடுக்காதது போலீஸ், மன்னிப்புக் கேட்பது மட்டும் பஸ் டிரைவர். இங்கே அப்படித்தான் வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், யாருமே இல்லாத காலி பஸ்ஸில் அவளுக்கு ஒரு தடங்கலும் கிடையாது. டிப்போவில் வண்டியைத் துடைத்துக்கொண்டே எல்லா வாக்கியங்களையும் தண்ணீர் மாதிரி சொல்வாள். முதல் ஆள் ஏறினதும் தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். 'கவனம்', 'திரும்புது' என்று துண்டு துண்டாக ஒப்பேற்றினாள். அந்த நீள வாக்கியத்தை மட்டும் சொல்லவே இல்லை. கேட்டில் நிற்கும்போதெல்லாம் வெள்ளைக் கையுறை போட்ட கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, கல்லாக உட்கார்ந்திருப்பாள். உள்ளுக்குள் என்ன பாடு படுகிறாள் என்று யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது மாசத்தில் யாரோ புகார் செய்துவிட்டார்கள். தொபாஷி அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டுல அவ்வளவு நேரம் நிக்கறப்போ டிரைவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கறதில்ல, நாங்க என்ன மூட்டையான்னு கேட்டிருக்காங்கம்மா. தலைமை ஆபீசுக்கே போயிடுச்சு. இந்த மாசத்துல ஒரு நாள் அங்கேர்ந்து ஒருத்தர் சாதாரணப் பயணி மாதிரி ஏறிப் பாப்பார். அவர் சரின்னா நிரந்தரம். இல்லேன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வண்டி கழுவுற இடத்துல வேணா கேட்டுப் பாக்கறேன்."

"எ… எனக்கு…" என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்து, பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். வயிற்றுப்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஐம்பதை நெருங்கும் வயதில், முதல் தடவையாக மனுஷர்களை ஏற்றிப்போகிற ஒரு வேலை கிடைத்திருக்கிறது. குடியிருப்பு மேட்டிலிருந்து இறங்கும்போது காலை வெயிலில் ஊர் மொத்தமும் கண்ணாடிக்கு முன்னால் விரியும். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் அவளை நம்பித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதை எப்படி விடுவது?

இனி அவள் ஓட்டுகிற காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். முக்கால்வாசிப் பேர் நகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். முழங்கால், இடுப்பு, சர்க்கரை, கண் என்று ஆளுக்கொரு உறுப்பு. இவர்களுக்குத் தலைவி மாதிரி ஃபுஜினோ தமாகி என்கிற அம்மாள், பழைய முடிதிருத்தும் கடைக்காரி. அடுத்தவர் பேச்சை முடிக்கவிடாமல் தானே முடித்துவைப்பது அந்த அம்மாளுக்குப் பிறவிக் குணம். "நேத்து என் மருமக…" என்று யாராவது தொடங்கினால், "சண்டை போட்டாளா? போடுவா, போடுவா" என்று கதையையே முடித்துவிடுவாள். டாக்டர் "உங்களுக்கு…" என்றாலே "தூக்கம் இல்லை, அதானே?" என்பாளாம்.

அப்புறம் ரிஹோ என்கிற இளம் தாய், அவள் மகள் நாலு வயது இச்சிகா. குழந்தைக்கு இளைப்பு, அதனால் ஆஸ்பத்திரி. இச்சிகாவுக்கு உலகத்திலேயே பிடித்த ஒன்று பஸ்ஸில் இருக்கிற இறங்கும் பொத்தான். பதிவுக் குரல் "அடுத்த நிறுத்தம், நகராட்சி ஆஸ்பத்திரி" என்று சொல்லி முடிப்பதற்குள் அமுக்கிவிடுவாள். பொத்தானெல்லாம் சிவப்பாக எரியும், "அடுத்து நிற்கும்" என்று குரல் சொல்லும், குழந்தை முகத்தில் அப்படி ஒரு வெற்றி! ஒருமுறை யாரோ புது ஆள் முந்திக்கொண்டு அமுக்க, இச்சிகா ஸ்டேஷன் வரை கேட்கும்படி அழுதுவிட்டாள். அதிலிருந்து அந்த பஸ்ஸில் ஒருத்தரும் ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்குப் பொத்தானைத் தொடுவதில்லை. பேசி முடிவெடுத்ததா என்றால் இல்லை. இங்கே இப்படிப்பட்ட சமாச்சாரங்களைப் பேச மாட்டார்கள், எல்லாருக்கும் தானாகவே தெரிந்துவிடும்.

அன்று மழை. ஆடை மட்டுமில்லை, மனசே ஊறிப்போகிற மாதிரி ஆனிமாதத்து அடைமழை. மழை என்றால் நடக்கிறவர்கள் பஸ்ஸுக்கு வருவார்கள், சைக்கிள்காரர்கள் காருக்கு வருவார்கள், ரோடு அடைத்துக்கொள்ளும். குடியிருப்பு ஸ்டாப்பில் ஒருவர் ஏறினார். ஒல்லியான மனுஷர், கறுப்புக் கோட்டு, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஷூ. மினேகாவாவில் அடைமழையில் எவன் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான்? தலைமை ஆபீஸ் ஆள்தான் என்று சுமியேவுக்குப் புரிந்துவிட்டது. அவர் நேராக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கடைத்தெரு முனை வரை ஊர்ந்து வந்தார்கள். முன்னால் நாலு கார், அதற்கு முன்னால் கேட். கேட் போட்டாயிற்று. ஒரு வண்டி போனது, இன்னொரு வண்டி போனது. அப்புறம் வண்டியே வரவில்லை, ஆனால் கேட்டும் திறக்கவில்லை. எங்கேயோ அடுத்த ஊரில் மழையில் சிக்னல் பழுதாகிவிட்டதாம், மணி மட்டும் நிறுத்தாமல் அடிக்கிறது. வைப்பர் இப்படியும் அப்படியும் போகிறது. பஸ்ஸுக்குள்ளே ஈரக் குடையின் வாசனை.  முன்சீட்டுக்காரர் ஜன்னலைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்.

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. வாய்க்கு முன்னால் தொங்கிய மைக்கைச் சரிசெய்தாள். மூச்சை இழுத்தாள்.

"உ…" என்றாள். "உ… உ…"

அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. ஒலிபெருக்கி அந்த ஒற்றை எழுத்தைப் பின்சீட்டு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. "உ… உ…" கண்ணில் நீர் முட்டியது. மைக்கை அணைத்துவிடலாமா? அணைத்தால் வேலை போச்சு. அணைக்காவிட்டால் மானம் போச்சு. அய்யோ தெய்வமே, யாராவது இப்போது சிரித்துவிட்டால்?

கண்ணாடியில் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் பரிதாபமாகவும் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை மடியில் வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு கிழவர் காது கேட்கும் கருவியைத் திருகிச் சரிசெய்துகொண்டு, கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். தமாகி அம்மாளோ, ஆயுளில் முதல் தடவையாக அடுத்தவர் வாக்கியத்தை முடிக்காமல் இருப்பதற்காக, கைக்குட்டையால் தன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்! அந்த அம்மாளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் காத்திருந்தார்கள். என்ன அவசரம்? கேட்தான் போட்டிருக்கிறதே.

"உ… உங்களை… கா… காக்க வெச்சதுக்கு… ம… மன்னிச்சுக்கணும்."

சொல்லிவிட்டாள்! முடிவு வரைக்கும் சொல்லிவிட்டாள்!  உடனே தமாகி அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

"அதனால என்ன டிரைவரம்மா! கேட்டை நீயா போட்ட?"

"ரயில்காரனே இன்னும் மன்னிப்புக் கேக்கலை" என்றார் காதுக்கருவிக் கிழவர்.

"அவன் கேக்க மாட்டான், அவன் பெரிய மனுஷன்" என்று இன்னொருவர் சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. நம்ம ஊர் பஸ்ஸில் அறிமுகம் இல்லாதவர்கள் பேசிக்கொள்வது அபூர்வம். அன்றைக்குப் பேசினார்கள். யாருக்கு என்ன நோய், எந்த டாக்டர் கை நல்ல கை, எந்த நர்ஸ் ஊசி போட்டால் வலிக்காது என்று ஒரே பேச்சு. யாரோ இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பேச்சின் தாலாட்டில் இச்சிகா அம்மா தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள்.

கடைசியில் கேட் தூக்கியது. பஸ் தண்டவாளத்தைத் தாண்டியபோது யாரோ கைகூடத் தட்டினார்கள். சுமியேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று மனசு கும்மாளம் போடுகிறது. பதிவுக் குரல் "அடுத்த நிறுத்தம், நகராட்சி ஆஸ்பத்திரி" என்றது. விளக்கு எரியவில்லை. மழைக்குப் பயந்து ஸ்டாப்பிலும் ஒருவரும் நிற்கவில்லை. பொத்தான் அமுக்காமல், ஸ்டாப்பிலும் ஆள் இல்லாமல் இருந்தால் நிற்க வேண்டாம் என்பது சட்டம். அவள் சந்தோஷத்தில் மிதந்தபடி ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்விட்டாள்.

தாண்டின பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கையைப் பாதி தூக்கியபடி, வாயைப் பாதி திறந்தபடி, ஆஸ்பத்திரி பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை! வேறு ஊராக இருந்தால் பஸ் கூரை பிய்ந்திருக்கும். இங்கே எல்லாருக்கும் ஒரே வெட்கம். குழந்தை அமுக்கும் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள், குழந்தையோ தூங்குகிறது. இப்போது கத்தினால் டிரைவரைக் குற்றம் சொன்னமாதிரி ஆகுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுமியேவின் கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது. போச்சு, எல்லாம் போச்சு. பின்னால் அத்தனை முழங்கால்களும் அத்தனை இடுப்புகளும். ஸ்டாப் இல்லாத இடத்தில் கதவைத் திறக்கக் கூடாது. அடுத்தது ஸ்டேஷன், அங்கிருந்து இந்த மழையில் மேடேறி ஆஸ்பத்திரிக்கு நடந்து வருவதா? முன்சீட்டுக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். இதற்குக் கம்பெனி எழுதிக்கொடுத்த வாக்கியம் கிடையாது. போகிற வேலை போகட்டும், இவர்களை மழையில் இறக்கிவிட மாட்டேன் என்று தொடங்கினாள்.

"எ… எல்லாரும் கே… கேளுங்க. ஆ… ஆஸ்பத்திரியைத் தா… தாண்டிட்டேன். ஸ்… ஸ்டேஷன்ல யாரும் எ… எறங்க வேணாம். அப்… அப்படியே உக்காந்திருங்க. தி… திரும்பிப் போகையில எ… எதிர் ஸ்டாப்புல நா… நான் எறக்கி விடறேன். எ… என்னோட த… தப்பு."

நீளமாகத்தான் இருந்தது. விளக்கு பச்சைக்கு மாறி மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டது, பின்னால் நின்ற கார்கூட ஹாரன் அடிக்கவில்லை. 'தப்பு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் பஸ் வெடித்தது.

"உன் தப்பா? நல்லா இருக்கே! நான்தானே அமுக்காம உக்காந்திருந்தேன்!" என்றாள் தமாகி அம்மாள்.

"நானும்தான். பாப்பா அமுக்கும்னு இருந்துட்டேன்."

"அட, என் விரலு பொத்தான்மேலேயே இருந்துச்சுங்க!"

ரிஹோ எழுந்து நின்று நாலு பக்கமும் குனிந்து குனிந்து வணங்கினாள். "ஐயோ, என் பொண்ணு தூங்கிட்டா, எல்லாரும் மன்னிச்சுக்கணும்" என்று அவள் அழாக்குறை.

"தூங்கட்டும் விடும்மா. நாப்பது பேருக்காக ஒரே ஆளாப் பொத்தான் அமுக்கறது சின்ன வேலையா?" என்றார் காதுக்கருவிக் கிழவர்.

ஸ்டேஷன் வாசலில் வேலைக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். முன்சீட்டுக்காரரும் இறங்கிவிடுவார், இறங்கி நேரே தலைமை ஆபீசுக்கு ரயில் ஏறுவார் என்று சுமியே எதிர்பார்த்தாள். அவர் இறங்கவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்னும் என்ன பார்க்க வேண்டுமோ என்று அவள் நொந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது தமாகி அம்மாள் இச்சிகாவை எழுப்பிவிட்டாள். "ஏ குட்டி, எழுந்திரு, எழுந்திரு, உன் வேலை பாக்கி இருக்கு!" குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. பதிவுக் குரல் ஆஸ்பத்திரி என்று சொன்னதும், பஸ்ஸில் இருந்த அத்தனை பெரியவர்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன விரலைப் பார்த்தார்கள். அமுக்கினாள். விளக்கெல்லாம் எரிந்தது. பஸ் முழுக்க 'ஆஹா' என்றது.

ஸ்டாப்பில் முன்கதவைத் திறந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள், பயண அட்டையைக் கட்டணப் பெட்டியில் தொட்டார்கள், அவளைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"உங்களைக் காக்க வெச்சுட்டோம்மா, மன்னிச்சுக்கணும்" என்றார் முதலில் வந்தவர்.

"உங்களைக் காக்க வெச்சுட்டோம்மா" என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவரும் அதையேதான் சொன்னார். எந்த வாக்கியத்தை ஐந்து மாசமாக அவளால் இவர்களுக்குச் சொல்ல முடியவில்லையோ, அதையே இவர்கள் வரிசையாக வந்து அவளுக்குச் சொன்னார்கள். சுமியேவுக்குக் கண்ணீர் தாடையில் வழிந்தது. கையுறையால் துடைத்துத் துடைத்துத் தலையை ஆட்டினாள்.

எல்லாருக்கும் கடைசியில் முன்சீட்டுக்காரர் எழுந்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேர் குராமொச்சி. நானும் இங்கதான் எறங்கணும். அடுத்த பஸ்ஸைப் பாக்கறதுக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொத்தான் என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. இதுக்கு முன்னாடியும் ஒரு நாள் இந்த பஸ்ல நான் சொல்லாம ஏறியிருக்கேன். அப்ப அந்தப் பாப்பா அமுக்கினதைப் பாத்தேன். அதான், இன்னிக்கும் பாப்பாவுக்கே விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு ஆழமாகக் குனிந்து, படியில் ஒரு காலை வைத்தார். சுமியே அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"ந… ந…"

வரவில்லை. எல்லா வார்த்தையும் தீர்ந்துபோன மாதிரி, அந்த ஒன்று மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. "ந… ந…" அவர் திரும்பி நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில், குடை விரிக்காமல் கையில். மழை அவர் தோளில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, 'பரவாயில்லை' என்று கையைக் காட்டி அவளைத் தப்பிக்கவும் விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நன்றிங்க" என்றாள் சுமியே ஒரு வழியாக.

அவர் தலையசைத்து, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் கியோதகா எவ்வளவோ வேடிக்கை காட்டியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஸ்டாப்பை விட்டுட்டு ஊரையே சுத்திக் காட்டியிருக்க. சுற்றுலா கம்பெனிக்காரன் கூப்பிடுவான் பாரு" என்றான். அவள் சரியாகத் திட்டினாள், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ஆனால் குரலில் உயிரே இல்லை. மனுஷர் நல்லவர்தான், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாள் பஸ் எடுக்குமுன் தொபாஷி கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை தேத்தண்ணீர் ஊற்றவில்லை. சரி, முடிந்தது என்று அவள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அதை எதுக்கு இங்க வெக்கறீங்க? எடுத்து மாட்டுங்க" என்றார் தொபாஷி. "குராமொச்சி சார் நேத்தே பேசிட்டார். ஸ்டாப்பைத் தாண்டினதைச் சொன்னா, தான் ஏன் பொத்தானை அமுக்கலைன்னும் சொல்லணுமேன்னு மனுஷன் ரொம்ப சங்கடப்பட்டார்." அவர் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "உங்களைப் பத்தி ஒண்ணுதாம்மா சொன்னார். 'அந்தம்மா பேசி முடிக்கற வரைக்கும் மழையில நின்னேன். போயிருக்கலாம், போக மனசு வரலை. அந்த பஸ்ல யாருக்குமே மனசு வரலை. இப்படி ஒரு டிரைவர் வேற எங்க கிடைப்பாங்க, நிரந்தரம் பண்ணிடுங்க'ன்னார்."

சுமியே எதையோ சொல்லத் தொடங்கினாள். முதல் எழுத்திலேயே நின்றுபோனது. மேஜைமேல் டெலிபோன் அடித்தது, வெளியே யாரோ தொபாஷியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தொபாஷி போனை எடுக்கவில்லை, வெளியிலும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.